கிணத்தடி மறைப்பும் கண்டி றோட்டும்

கம்பஸுக்குத் திரும்புகிற நாளுக்கு முதல் இரவு எங்கள் நாலு பேருடைய வீடுகளிலும் பை ஒரே மாதிரித்தான் அடுக்கப்படும். அடியில் புத்தகம், நடுவில் உடுப்பு, ஆக மேலே அம்மாமார் கட்டித் தருகிற மிளகாய்த்தூள், கருவாடு, ஒடியல் மா, பனங்கட்டி. கருவாடு மேலே இருக்கோணும் என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. கருவாட்டு மணம் வந்தால் பையைக் கிளறுகிற கை அதோடு நின்றுவிடும் என்பது எங்களுக்கு எப்படியோ தெரியும். பொம்பிளைப் பிள்ளைகள் தங்கடை சாமான்களைத் துவாயில் சுற்றி, உடுப்புக்குள் வைத்து, அதற்கு மேல் இன்னொரு உடுப்பை வைப்பார்கள். ஐசி மட்டும் பைக்குள் போகாது. அது சேட்டுப் பொக்கற்றில் அல்லது கையில்.

பேராதனைக்கு வந்து முதல் வருடம், எங்களோடு றூமில் இருந்த கண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் பை அடுக்குவதைப் பார்த்தோம். வேளைக்கு எது தேவையோ அது மேலே. சார்ஜர் மேலே, குடை மேலே. அப்பதான் எங்களுக்கு விளங்கியது. அவர்கள் தங்களுக்காகப் பை அடுக்குகிறார்கள். நாங்கள் அதைத் திறக்கப்போகிற இன்னொருவருக்காக அடுக்குகிறோம்.

நாங்கள் நாலு பேர். பரந்தனில் ஒருத்தி ஏறுவாள், அவள் புதுக்குடியிருப்பு. கிளிநொச்சியில் ஒருத்தன். மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவுக்காரி. புளியங்குளத்தில் நெடுங்கேணிக்காரன். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற கண்டி பஸ்ஸில் முதல் ஏறுகிறவள் மற்ற மூன்று பேருக்கும் சீற் பிடித்து வைப்பாள். எல்லாரும் கலைப்பீடம். எல்லாரும் 2002இலோ 2003இலோ பிறந்தவர்கள். கண்டி றோட்டு திறந்த காலத்துப் பிள்ளைகள் என்று வீட்டில் சொல்லுவார்கள்.

இந்தக் கட்டுரை இரண்டு நிமிசத்தைப் பற்றியது.

2024 தொடக்கம். அதற்கு முந்தின டிசம்பர் 17ஆம் திகதி ‘யுக்திய’ என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை நாடு முழுக்கத் தொடங்கியிருந்தது. எங்கடை பஸ்ஸையும் ஒரு சாவடியில் மறித்தார்கள். எந்தச் சாவடி, எந்தச் சீருடை என்று எழுதப்போவதில்லை. அந்த ஒரு ஆளைப் பற்றிக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கொண்டக்டர் அண்ணை வழமைபோலச் சத்தம் போட்டார்: “எல்லாரும் இறங்குங்கோ, பையோட இறங்குங்கோ, ஐசியைக் கையில வைச்சிருங்கோ.” நித்திரையில் இருந்த குழந்தைகளும் இறங்கின. ஊன்றுகோலோடு ஒரு ஐயாவும் இறங்கினார். ஆம்பிளையளுக்கு ஒரு வரிசை, பொம்பிளையளுக்கு ஒரு வரிசை. மேசையில் பை.

புதுக்குடியிருப்புக்காரியின் பையைத் திறந்தார்கள். கருவாட்டோடு கை நின்றது. பிறகு போனைக் கேட்டார்கள். அவள் கொடுத்தாள். லொக்கைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தாள். படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்த விரல் ஓரிடத்தில் நின்றது. அவளுடைய அம்மா, கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 இலிருந்து போராட்டம் நடத்துகிற கொட்டிலுக்குள், மடியில் ஒரு படத்தோடு இருக்கிறா.

“இது யார்?”

“அம்மா.”

“கையில?”

“அண்ணா.”

“எங்க இருக்கிறார்?”

“தெரியாது.”

போனைத் திருப்பித் தந்தார்கள். அவ்வளவுதான். ஏசவில்லை, தள்ளவில்லை, ஒரு சாமானும் எடுக்கவில்லை. எழுதிக் கொடுக்கச் சொன்னால், எழுத ஒன்றுமே இல்லாத இரண்டு நிமிசம்.

அவள் வவுனியா தாண்டியும் கதைக்கேல்லை, மதவாச்சி தாண்டியும் கதைக்கேல்லை. தம்புள்ளையில் பஸ் தேத்தண்ணிக்கு நின்றபோதுதான் வாய் திறந்தாள். “அண்ணான்ர முகத்தை இரண்டு விரலால பெரிசாக்கிப் பாத்தவர்” என்றாள். “நானே அந்தப் படத்தை அப்பிடிப் பெரிசாக்கிப் பாக்கிறேல்லை.”

நாங்கள் மற்ற மூன்று பேரும் அந்த வரிசையில் என்ன செய்தோம் என்பதையும் சொல்லோணும். ஒருத்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருத்தன் பஸ் பிந்துதே என்று யோசித்தான். இன்னொருத்தன் வரிசை நகர நகர தன்னுடைய போனில் ஒரு வாட்ஸ்அப் குழுவை முழுசாக அழித்தான். அதற்குள் இருந்தது மே 18 நினைவேந்தல் படங்களும் கிரிக்கெற் பகிடிகளும். ஒருவரும் “ஏன்” என்று கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

*

அந்த விடுமுறையில் நாலு வீட்டிலும் இதைக் கதைத்தோம். நாலு அம்மாமாரும் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். “பிழை செய்யாட்டி என்ன பயம்? காட்டிப்போட்டு வரவேண்டியதுதானே.”

எங்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் அம்மாமார் எந்த வழியால் நடந்து இந்தப் பதிலுக்கு வந்தார்கள் என்று கேட்கத் தொடங்கினபோது கோபம் குறைந்தது.

2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, அந்த வருடமே கண்டி றோட்டு திறந்தது. அதற்கு முன்னம் வன்னிக்குள் பற்றரிக்கும் சீமெந்துக்கும் எரிபொருளுக்கும் தடை. பாதை திறந்ததே பெரிய விசயம் என்பதால் அந்தப் பாதையில் என்ன செய்யச் சொன்னாலும் சனம் செய்தது. தெற்கால் ஓமந்தையில் ஆமியின் சாவடி. வடக்கால் புளியங்குளத்தில் இயக்கத்தின் சாவடி. நடுவில் சூனியப் பிரதேசம், அதில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு. ஓமந்தையில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு தகரக் கொட்டில்களுக்குள்ளால் நடந்து, பெயரைப் பதிந்து, பையைக் கொட்டிக் காட்டி, திரும்ப அடுக்கி, ஏறி, புளியங்குளத்தில் திரும்ப இறங்கி, திரும்பப் பதிந்து, கொண்டுவந்த சாமானுக்கு வரி கட்டி, திரும்ப ஏறோணும். யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு முகமாலைப் பக்கம் இதே கதை மறுபடியும்.

இயக்கத்தின் பாஸைப் பற்றியும் அம்மாமார் சொன்னார்கள், குரலைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னார்கள். வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் வேணும். பிணை நிற்க ஒரு ஆள் வேணும். இளம் பிள்ளையளுக்குப் பாஸ் கிடைப்பது வரவரக் கஷ்டமானது. இதை விட்டுவிட்டு ஓமந்தையை மட்டும் எழுதினால் அது பாதிக் கதைதான். எங்களுடைய பெயர், வயது, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதெல்லாம் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருக்கோணும். எங்களுக்கு இரண்டு பக்கத்தையும் கேள்வி கேட்க வழி இருக்கேல்லை.

கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தாலும் முடியாது. பொலிஸ் பதிவு இருக்கோணும், லொட்ஜில் நிற்கக் காரணம் சொல்லோணும். 2007 ஜூன் 7 விடியற்காலை, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழ்ச் சனத்தை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்காலத் தடை போட்டது. ஆனால் பஸ்கள் ஏற்கனவே புறப்பட்டுவிட்டன.

2009இல் நாங்கள் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள். வன்னியிலிருந்து வெளியே வந்த சனத்தில் பெரும்பகுதி ஓமந்தையால்தான் வடிகட்டப்பட்டது. அங்கேயும் வட்டுவாகலிலும் கையளித்த பிள்ளைகளை இன்றைக்கும் தேடுகிற அம்மாமார் இருக்கிறார்கள். மடியில் படத்தோடு இருக்கிற அந்த அம்மா அவர்களில் ஒராள்.

இவ்வளவையும் கேட்ட பிறகு “பிழை செய்யாட்டி என்ன பயம்” என்ற வசனம் வேறு மாதிரிக் கேட்டது. அது நம்பிக்கையால் வந்த வசனம் இல்லை. கேள்வி கேட்காமல் கடந்தவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள் என்ற கணக்கில் வந்த வசனம். எங்கள் அம்மாமார் எங்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது அந்தக் கணக்கால்தான். அதை நாங்கள் பகிடி பண்ண ஏலாது.

*

சாவடிகளை ஒருவரும் சும்மா பொழுதுபோக்குக்குப் போடவில்லை என்பதையும் யோசித்தோம். நாங்கள் தேத்தண்ணி குடிக்கிற அதே தம்புள்ளையில், 2008 பெப்ரவரி 2 ஒரு பயணிகள் பஸ்ஸில் குண்டு வெடித்துச் சனம் செத்தது. 1996இல் தெகிவளையில் கோச்சியில் வெடித்தது. 2008 ஏப்ரலில் பிலியந்தலையில் பஸ்ஸில் வெடித்தது. எங்கடை பக்கமும் பஸ் பாதுகாப்பாய் இருக்கவில்லை. தம்புள்ளைக்கு நாலு நாளைக்கு முன்னம், ஜனவரி 29, மடுப் பக்கம் தட்சணாமடுவில் பாடசாலைப் பிள்ளைகள் வந்த பஸ் கிளைமோரில் சிக்கியது. பஸ்ஸில் ஏறுகிற எல்லாருக்கும், சிங்களச் சனமோ தமிழ்ச் சனமோ, உயிரோடு இறங்குகிற உரிமை இருக்கிறது. பையைப் பார்க்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை.

போதைப்பொருளும் பொய்க்கதை இல்லை. எங்களோடு ஓ.எல். படித்த பெடியளில் யார் யார் அதற்குள் போனார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஊர்ச் சந்தியில் நின்று “பொலிஸ் ஏன் பாக்கிறாங்கள் இல்லை” என்று கேட்பதும் எங்கள் அப்பாமார்தான். ஆனால் யுக்திய தொடங்கி ஒரு மாதத்திலேயே ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்திப் பரிசீலிக்கச் சொன்னார்கள். பிரச்சினை உண்மை என்பதற்காக அதற்குச் செய்கிற எல்லாமே சரியாகிவிடாது.

எங்களுக்கு உறுத்தினது வேறொன்று. காரணம் மாறிக்கொண்டே வருகிறது, இறங்கி நடப்பது மட்டும் மாறவில்லை. முதலில் யுத்தம். யுத்தம் முடிந்து ஐந்து வருடத்துக்குப் பிறகும், 2014 ஒக்டோபரில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வடக்குக்கு வருகிறவர்களுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேணும் என்றார்கள். எத்தனையோ வீடுகளில் லண்டனிலிருந்து வந்த மாமா ஓமந்தையோடு நின்றார். 2015 ஜனவரியில் அது போனது. அந்த ஓகஸ்ட் கடைசியில் ஓமந்தைச் சாவடியையும் எடுத்தார்கள். அப்போது நாங்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. பஸ் நிற்காமல் அந்த இடத்தைக் கடந்தபோது பெரிய ஆக்கள் எல்லாரும் பேச்சை நிற்பாட்டி யன்னலால் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. நாலு வருடம் கூட முழுசாகப் போகவில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல். திரும்ப இறங்கு. பிறகு கொரோனா. திரும்ப இறங்கு. பிறகு போதைப்பொருள். எங்களோடு படிக்கிற குருநாகல் பெடியன் ஒருத்தனிடம், வீட்டுக்குப் போகிற வழியில் வாழ்நாளில் எத்தனை தரம் பஸ்ஸால் இறங்கிப் பையோடு நடந்திருக்கிறாய் என்று கேட்டோம். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, “பஸ் பழுதான நேரமோ?” என்று கேட்டான்.

*

கம்பஸ் நூலகத்தில் ஒரு கிழமை இருந்து தேடினோம். நாங்கள் சட்டம் படிக்கிறவர்கள் இல்லை. ஒராள் புவியியல், ஒராள் தமிழ், இரண்டு பேர் சமூகவியல். அதனால் விளங்கினதை விளங்கின மாதிரி எழுதுகிறோம்.

1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனியுரிமை என்ற ஒன்று தனியாக எழுதப்படவில்லை. இது எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி. உறுப்புரை 14(1)(எ) என்றோ (ஏ) என்றோ எங்கேயாவது இருக்கும் என்று நம்பித்தான் தேடினோம். இலங்கை 1980இல் இணைந்த குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 17ஆம் உறுப்புரையில் அது இருக்கிறது. எங்கடை அரசியலமைப்பில் இல்லை. இந்தியாவிலும் அரசியலமைப்பில் அந்தச் சொல் இல்லை. ஆனால் 2017 ஓகஸ்ட் 24 புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அது வாழும் உரிமைக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

இல்லாததைப் பார்த்துக்கொண்டு இருக்காமல், இருப்பதைப் பார்த்தோம். நாட்டுக்குள் எங்கும் போய்வரப் பிரசைக்குச் சுதந்திரம் இருக்கிறது. தேசியப் பாதுகாப்புக்காக அதை மட்டுப்படுத்தலாம், ஆனால் சட்டத்தால் மட்டுப்படுத்தோணும், ஒராளின் வாய்ச்சொல்லால் இல்லை. 12ஆம் உறுப்புரை இனத்தாலும் மொழியாலும் பிறந்த இடத்தாலும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. தமிழும் அரசகரும மொழி என்கிறது 18ஆம் உறுப்புரை. ஒரு பெண்ணைச் சோதிப்பதென்றால் இன்னொரு பெண்தான், மரியாதை குலையாமல் சோதிக்கோணும் என்று குற்றவியல் நடவடிக்கைச் சட்டக்கோவை சொல்கிறது.

அதற்குள்தான் எங்கடை ஊர் வழக்கொன்று கண்ணில் பட்டது. வவுனியாவில் சிதம்பரபுரம் முகாம். இடம்பெயர்ந்த சனம் அங்கே வருடக்கணக்காக இருந்தது. வெளியே போகப் பாஸ் வேணும். அதற்குள் இருந்த வடிவேலு என்ற ஒருவர், முகாமின் பொலிஸ் காவலரண் பொறுப்பதிகாரிக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2002இல் தீர்ப்பு வந்தது. அந்தப் பாஸ் முறை அவருடைய நடமாடும் சுதந்திரத்தை மீறுகிறது என்று நீதிமன்றம் சொன்னது.

இதை வாசித்தபோது நூலகத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நாங்கள் பிறந்த வருடம், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், முகாமுக்குள் இருந்த ஒரு மனிதர் “ஏன்” என்று கேட்டிருக்கிறார், பதிலும் எடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று வருடம் படித்தோம். குடியியற் கல்வியும் படித்தோம். ஒரு ஆசிரியரும், ஒரு புத்தகமும் எங்களுக்கு இதைச் சொல்லவில்லை. எங்கள் அம்மாமாருக்கும் தெரியாது.

மற்ற ஊர்களில் எப்படி என்றும் பார்த்தோம். டெல்லி மெற்றோவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பயணியையும் சோதிக்கிறார்கள். அங்கே மந்திரியின் பிள்ளையும் கைதூக்கி நிற்கோணும். நியூயோர்க்கில் 2005இல் லண்டன் குண்டுவெடிப்புக்குப் பிறகு சுரங்க ரெயிலில் பை சோதனை தொடங்கியது. வழக்குப் போனது. 2006இல் நீதிமன்றம் சோதனை சரி என்றே சொன்னது. ஆனால் காரணங்களைக் கவனியுங்கோ: முன்கூட்டியே அறிவித்தல் பலகை இருக்கிறது, யாரை மறிப்பது என்பது பொலிஸ்காரரின் விருப்பம் இல்லை, விருப்பமில்லாதவர் சோதனைக்கு உட்படாமல் ரெயிலில் ஏறாது திரும்பிப் போகலாம். போன் விசயத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம் 2014இல் இன்னும் தெளிவாகச் சொன்னது. கைது செய்த ஆளுடைய போனைக்கூட, பொதுவாக, நீதிமன்ற ஆணை இல்லாமல் துழாவக்கூடாது.

அமெரிக்கா நல்ல நாடு என்று சொல்ல இதை எழுதவில்லை. “விருப்பமில்லாட்டித் திரும்பிப் போகலாம்” என்ற வசனத்தை வாசித்தபோது நெடுங்கேணிக்காரன் சிரித்தான். கண்டி றோட்டில் எங்கே திரும்பிப் போவது? சோதனைக்கு மறுத்தால் பேராதனை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, கொழும்பு எம்பசி இல்லை. எங்களுக்கு இருக்கிறது ஒரு றோட்டு.

*

இவ்வளவையும் கொண்டுபோய் அம்மாமாரிடம் சொன்னால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எங்களுக்குத் தெரியும். “உதெல்லாம் புத்தகத்தில இருக்கும்.” அதனால் புத்தகம் இல்லாத ஒரு பதில் தேவைப்பட்டது. அது முல்லைத்தீவுக்காரியின் வீட்டுக் கிணத்தடியில் இருந்தது.

மெனிக் பாம் முகாமில் அவளுடைய அம்மாவுக்கு எது கஷ்டம் என்று கேட்டால் சாப்பாட்டைச் சொல்லமாட்டா, வெயிலைச் சொல்லமாட்டா. குளிக்கிறதைச் சொல்லுவா. ஆக்கள் பார்க்கத் தண்ணிக்கு வரிசையில் நின்று, உடுத்த உடுப்போடு குளித்து, ஈரத்தோடு கூடாரத்துக்குள் வந்து மாற்றினதைச் சொல்லுவா. மீள்குடியேறி ஊருக்கு வந்தபோது வீடு இல்லை, சுவர் மட்டும் நின்றது. உதவியாய் வந்த தறப்பாள் ஒன்று இருந்தது. எல்லாரும் அதைக் கூரைக்குப் போடச் சொன்னார்கள். மழைக்காலம் வருகிறது என்றார்கள். அவ அதைக் கொண்டுபோய்க் கிணத்தடியில் நாலு தடி நட்டு மறைப்புக் கட்டினா. கூரைக்குப் பிறகு கிடுகு வாங்கினார்கள்.

போன விடுமுறையில் நாலு பேரும் அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டு இருக்கிற நேரம் திரும்ப அந்தக் கதை வந்தது. அவ திரும்ப அதே வசனத்தைச் சொன்னா. “பிழை செய்யாட்டி என்ன பயம் பிள்ளையள்?”

மகள் கேட்டாள்: “அம்மா, குளிக்கிறது பிழையோ?”

“என்ன விசர்க்கதை.”

“பிறகேன் முதல் வேலையாய் மறைப்புக் கட்டினனீங்கள்?”

அவ கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லேல்லை. பிறகு எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்தா. குசினிக்குள் இருந்து, “அது வேற, இது வேற” என்றா. இன்னும் கொஞ்ச நேரத்தால், “வேறதான், எண்டாலும்...” என்றா. அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை.

தனியுரிமை என்பது கொழும்பு என்.ஜி.ஓ.காரர் கொண்டுவந்த சொல் என்று எங்கள் ஊரில் நினைக்கிறார்கள். சொல் புதிது. மறைப்பு பழையது. வேலி இல்லாத வளவும் மறைப்பு இல்லாத கிணத்தடியும் எங்கள் ஊரில் வீடு என்ற கணக்கில் வராது. ஒளிக்க ஏதும் இருக்கிறதென்று ஒருவரும் வேலி அடைக்கிறதில்லை. இது என்னுடைய இடம், கேட்டுவிட்டு வா என்பதற்காக அடைக்கிறது. போனுக்குள் இருக்கிற அண்ணாவின் படமும் அப்படியான ஒரு இடம்தான். அங்கே அவள்கூட மெல்லத்தான் போவாள்.

எங்களுக்குத் தெரிந்த அளவில் கேட்கக்கூடியது பெரிதில்லை. சோதனை என்றால் எல்லா றோட்டுக்கும் ஒரே மாதிரி. ஏன், எந்தச் சட்டத்தின்படி என்று தமிழிலும் எழுதின ஒரு பலகை. பொம்பிளையளின் பையைத் திறக்க ஒரு பெண்ணும் ஒரு மறைப்பும். நடக்கேலாதவர்களை இறக்காமல் விடுவது. நீதிமன்ற ஆணை இல்லாமல் போனைத் தொடாமல் விடுவது. முறைப்பாடு செய்ய மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கம் அந்தப் பலகையிலேயே. வவுனியாவில் அவர்களுக்கு அலுவலகமும் இருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாதம்தான் தவணை என்பதையும், அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால் அவர்களுடைய விசாரணைக் காலம் அந்தத் தவணையில் கணக்கெடுக்கப்படாது என்பதையும் நாங்கள் இருபத்திரண்டு வயதில்தான் தெரிந்துகொண்டோம். இதை வாசிக்கிற தங்கச்சிமார், தம்பிமார் கொஞ்சம் முந்தியே தெரிந்து வைத்திருங்கோ.

*

கடைசியாகப் போன பயணத்தில் திரும்ப மறித்தார்கள். திரும்ப இறங்கினோம். இந்த முறை கண்டிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாடமாக்கின மூன்று சிங்களச் சொல் எங்களிடம் இருந்தது. புதுக்குடியிருப்புக்காரியிடம் போனைக் கேட்டபோது அவள் கொடுக்காமல், மரியாதையாய்த்தான் கேட்டாள்: “ஏ மொகடத, சேர்?” அது என்னத்துக்கு, சேர்?

அவர் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வயதுதான் இருக்கும். கேள்வியை எதிர்பார்க்கேல்லை என்று முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். பிறகு பையை எங்கள் பக்கம் தள்ளி, “ஹரி, யன்ன” என்றார். சரி, போங்கோ.

பின்னுக்கு நின்ற அன்ரி ஒராள் அதற்குள் எங்களைப் பேசினா. “கம்பஸ் கதையை விட்டுட்டு வாங்கோ பிள்ளையள், பஸ் பிந்தப் போகுது.” அவவிலும் பிழையில்லை. அவ ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தா.

இதை வெற்றி என்று எழுத மனம் வரவில்லை. அன்றைக்கு நின்றவர் நல்ல மனிசனாய் இருந்திருக்கலாம். வேறொருவர் என்றால் பஸ்ஸையே அரை மணித்தியாலம் மறித்திருக்கலாம். ஒராளுடைய அன்றைய மனநிலையில் தங்கியிருக்கிறதை உரிமை என்று சொல்ல ஏலாது.

எங்களுக்குப் பின்னால் ஒரு பெடியன் நின்றான். பதினெட்டுப் பத்தொன்பது வயது இருக்கும், தோளில் புதுப் பை. அவனிடமும் போனைக் கேட்டார்கள். கேட்டு முடிக்க முதலே லொக்கைத் திறந்து நீட்டினான். போன் அவர் கையில் இருந்த நேரம் முழுக்க அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாங்கள் எப்படி நின்றோமோ அப்படி.

தம்புள்ளையில் அவனைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தோம். முதல் வருடமாம், ஊர் விசுவமடுவாம். அந்த மூன்று சொல்லையும் சொல்லிக் கொடுத்தோம். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான், உச்சரிப்பு எங்களை விட நல்லாய் வந்தது. பிறகு கேட்டான்.

“அண்ணை, இப்பிடிக் கேட்டா அடிக்கமாட்டினமோ?”

எங்களுக்கு உடனே பதில் வரேல்லை. கொண்டக்டர் அண்ணை ஹோர்ன் அடிக்கச் சொன்னார். எல்லாரும் ஏறினோம்.